இரண்டு கையும் மேலே இருக்கும்போது

கூடையைத் தலையில் ஏற்றிவிட இன்னொரு ஆள் வேண்டும். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைச் சொல்வாள். ஈர உப்பின் கனம் அப்படி. ஏறியதும் நம் இரண்டு கையும் மேலே போய்விடும். முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூட விரட்ட முடியாது. எங்கள் மேஸ்திரி தட்சணாமூர்த்திக்கு அந்த ஒரு நிமிஷம் போதும்.

கேட்காமலே ஓடிவந்து ஏற்றிவிடுவான். கூடையை விட்ட கை நேராக உடம்புக்கு வரும். பதறினால் கூடை சரியும், உப்பு சேற்றில் போகும், அதற்கும் அவனே திட்டுவான். எப்பேர்ப்பட்ட பரோபகாரி!

அமராவதி அனுமந்தைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். பேச்சு குறைவு, மறதி அதைவிடக் குறைவு. கல்யாணப் பந்தியில் தன்னை எழுப்பிவிட்ட பெரியப்பா வீட்டில் பத்து வருஷமாகத் தண்ணீர்கூடக் குடிக்காதவள். 2005 கோடையில் அவன் அவளிடம் கையை வைத்தான். அன்று சாயங்காலமே அவள் முதலாளி முருகையன் முன்னால் போய் நின்றாள். பக்கத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

“தூக்கி உடறப்போ கை படத்தாம்மா செய்யும். இதைப் போய்ப் பெருசு பண்றியே?”

“பட்டதுக்கும் தொட்டதுக்கும் வித்தியாசம் தெரியாத வயசாங்க எனக்கு?”

முதலாளி மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாளே மேஸ்திரி அவளைக் கடைசிப் பாத்திக்கு மாற்றினான். உப்பைக் குவிக்கும் அம்பாரத்துக்கு அங்கிருந்துதான் நடை அதிகம். ஒரே வாரத்தில் அவள் குதிகால் வெடித்து, உப்புத் தண்ணீர் பட்டுப் புண்ணாகிவிட்டது.

“பேசாம இருந்திருக்கலாமே அக்கா?” என்றேன்.

“அவனை உடமாட்டேன், மேரிசெல்வி. அவன் வாயாலயே சொல்ல வைக்கிறேன் பாரு.”

கூடை சுமக்கும் பெண்களிடம் ஒவ்வொருத்தியாகப் பேசினாள். அதன் பிறகு பெண்கள் ஜோடி ஜோடியாக நின்று தாங்களே ஏற்றிவிட்டுக்கொண்டார்கள். அவன் கிட்டே வந்தால் கூடையைக் கீழே வைத்துவிடுவார்கள். இருந்தும் அவன் வேலையில்தான் இருந்தான், அதே சிரிப்போடு. எனக்கு வயிறு எரிந்தது.

மே மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. வாரிய உப்பெல்லாம் வரப்பில் கிடந்தது. அள்ளி அம்பாரத்தில் கொட்டிக் கீற்றுப் போட்டு மூடாவிட்டால் அத்தனையும் கரைந்துவிடும். முதலாளி அலறியடித்துக்கொண்டு வந்தார். அமராவதி வரப்பில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நானும் ஊசியைப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

“இன்னாம்மா இது? மழை வருதும்மா!”

“முதல் கூடையை மேஸ்திரி சுமக்கட்டுங்க. நாங்க ஏத்தி உடறோம்.”

முதலாளி வானத்தைப் பார்த்தார். “தூக்குடா!” என்றார்.

பெண்களே நிரப்பி, அவன் தலையில் ஏற்றினார்கள். இரண்டு கையும் மேலே போயிற்று. உப்புத் தண்ணீர் வழிந்து கண்ணில் இறங்கியது. நாலு எட்டு வைப்பதற்குள் அமராவதி எதிரே வந்து வழியை மறித்தாள். இரண்டு பக்கமும் பாத்தி, பின்னால் பெண்கள்; கூடையைக் கீழே போட்டால் முதலாளி விடமாட்டார்.

“யார் யார் மேல கை வெச்சன்னு பேரைச் சொல்லிட்டுப் போ.”

அவன் கெட்ட வார்த்தையில் ஏசினான். அவள் நகரவில்லை. முதல் தூறல் விழுந்தது.

“வழி உடும்மா, உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன்!” என்றார் முதலாளி.

“அவரு சொல்லட்டுங்க.”

“சொல்லித் தொலைடா!”

அவன் சொன்னான். “அமராவதி” என்றான். “ஆராயி” என்றான். தலை ஆடியது, கண்ணைத் துடைக்கக் கையில்லை. மழை வலுத்தது, வரப்பு உப்பு பாலாகக் கரைந்து ஓடியது. ஓடட்டும் என்று நினைத்தேன். எங்கள் ஒருநாள் வேலையும் அதோடு போகிறது என்று தெரிந்தும் மனசு குளிர்ந்தது.

“கை பட்டுச்சா, தொட்டியா?”

“தொட்டேன்.”

“இன்னும் இருக்குதா?”

“மேரிசெல்வி” என்றான்.

மூன்று வருஷமாக நான் யாரிடமும் சொல்லாதது அது. கூடையை விட்டுவிட்டு மூட்டை தைக்க வந்ததற்குக் கழுத்து வலி என்றுதான் ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். அமராவதி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வரப்பைவிட்டுப் பாத்தியில் இறங்கி, எனக்கு இடம் விட்டு நின்றாள்.

நான் எழுந்து போய் அவன் எதிரே நின்றேன்.

“இன்னொருவாட்டி சொல்லு” என்றேன். “முதலாளிக்கு மழைச் சத்தத்துல கேட்டிருக்காது.”