ஐந்து வாட்டுக்கு ஒரு பெட்டி

என் பெரியப்பா மகனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அண்ணன் முறை, வயதில் மூத்தவர், வாராவாரம் ஒரே மேடையில் என் பக்கத்தில் நின்றவர். எல்லாம் சரிதான். மன்னிக்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். நான் செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சனி, ஞாயிறு சாயங்காலங்களில் மாமல்லபுரத்துக் கடற்கரையோர ஓட்டல் ஒன்றில் கிடார் வாசித்தேன். அண்ணன் கீபோர்டு. பாடுவதற்கு அவருடைய நண்பர் ஒருவர். குழு அண்ணனுடையது. என்ன பாட்டு, யார் எங்கே நிற்பது, எல்லாம் அவர் சொல்வதுதான்.

என் ஆம்ப்ளிஃபையர் வெறும் ஐந்து வாட். வால்வு போட்ட பழைய மாடல், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போனது. அதற்குள் இருந்த ஸ்பீக்கரை விரித்த கையால் மூடிவிடலாம். வீட்டு அறையில் கேட்க அவ்வளவு சுகமாக இருக்கும். ஓட்டலின் திறந்த முற்றத்தில், அலைச் சத்தத்துக்கும் தட்டுச் சத்தத்துக்கும் நடுவில், தகர டப்பாவில் கொசு மாட்டிக்கொண்ட மாதிரி. அண்ணன் அதை டிபன் பாக்ஸ் என்பார். மைக்கிலேயே சொல்வார். சாப்பிட வந்தவர்கள் சிரிப்பார்கள்.

ஆம்ப்பின் பின்னால் வெளி ஸ்பீக்கர் மாட்ட வசதி இருந்தது. தனியாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்குவது என்று முடிவு செய்தேன். சத்தம் போதாவிட்டால் வாட்டை ஏற்றுவது ஒரு வழி. கொடுக்கிற கொஞ்ச மின்சாரத்தையும் வீணாக்காமல் சத்தமாகத் திருப்பித் தரும் ஸ்பீக்கராகத் தேடுவது இன்னொரு வழி. எனக்கு அந்த ஆம்ப்பின் குரல் பிடித்திருந்ததால் இரண்டாவது வழியில் போனேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன். பெட்டியின் மின்தடை எட்டு ஓமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆம்ப்புக்குப் பொருந்தாது. இன்னொரு நிபந்தனை என்னுடையது: திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஒரு தோளில் கிடாரோடு, ஒரு கையால் அதைத் தூக்கிக்கொண்டு நான் ஏற முடிய வேண்டும்.

சென்னையில் ஒரு கடைக்குப் போனோம். அண்ணனும் கூட வந்தார். கடைக்காரர் அவரைப் பார்த்துக் கேட்டார். “எத்தினி வாட் ஆம்ப் சார்?”

“வாசிக்கிறது நான். அஞ்சு வாட்” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி அண்ணனிடமே திரும்பினார். “மேடம் சும்மா வூட்ல வாசிக்கிறதுக்கா சார்?”

“ஆமா, அப்படித்தான் வெச்சுக்கோயேன்” என்றார் அண்ணன். ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் கொண்டுபோயிருந்த ஆம்ப்பைத் தரையில் வைத்து, கிடாரை மாட்டி, பெட்டி பெட்டியாக வாசித்துப் பார்த்தேன். பத்து அங்குல ஸ்பீக்கர் போட்டது கூர்மையாகக் குத்தியது. பன்னிரண்டு அங்குலத்தில் தடித்த கம்பிகளுக்கு உடம்பு வந்தது. ஆனால் பின்பக்கம் முழுக்க மூடிய சின்னப் பெட்டியில் அதுவே குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. பின்பக்கம் முழுக்கத் திறந்ததில் பாதிச் சத்தம் பின்னால் போனது. சுவரே இல்லாத முற்றத்தில் அது கடலுக்குத்தான் போகும். பின்பலகை பாதி மூடிய ஒன்று இருந்தது. ஒரே ஒரு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். முதல் மீட்டலிலேயே கடையின் அந்தக் கோடியில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அதே ஐந்து வாட்தான்.

“இன்னா இது, குந்துற மோடா மாதிரி கீது?” என்றார் அண்ணன். “நாலு ஸ்பீக்கர் வெச்சதை எடு. பாக்கறவனுக்கு ஒரு கெத்து வேணாமா?”

“அதை பஸ்ல யாருண்ணா தூக்கறது?”

நான் என் பெட்டியை வாங்கினேன். திரும்பி வரும்போது செங்கல்பட்டு வரை அவர் வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

கொஞ்ச மாதங்கள் நன்றாகப் போயின. முற்றத்தின் கடைசி மேஜை வரை கிடார் கேட்டது. மைக்கில் டிபன் பாக்ஸ் என்று சொல்வதும் நின்றது.

சனிக்கிழமை வாசித்ததும், மறுநாளும் வேலை என்பதால், பெட்டியை ஓட்டல் ஸ்டோர் ரூமில் விட்டுவிட்டுப் போவேன். ஒரு ஞாயிறு சாயங்காலம் வந்து மாட்டி, வால்வு சூடாகக் காத்திருந்து கம்பியை மீட்டினேன். சத்தமே இல்லை. குனிந்தபோது கருகிய நாற்றம் வந்தது. உடனே ஆம்ப்பை அணைத்தேன். ஸ்பீக்கர் எரிந்து போயிருக்கும்போது வால்வு ஆம்ப்பை ஓடவிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

பாடகர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார். “காலைல திருவிடந்தைல ஒரு ரிசப்ஷன். அண்ணாத்த இதை எடுத்துகினு போனாரு. கீபோர்டைப் பெரிய ஆம்ப் மெஷின்ல குடுத்து இதுல மாட்டினாரு. அந்தப் பவரைத் தாங்காம கொஞ்ச நேரத்துல பொகை வந்துச்சு.”

அண்ணன் கீபோர்டு ஸ்டாண்டை விரித்துக்கொண்டிருந்தார். “ஏண்ணா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?” என்று கேட்டேன்.

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நான் அப்பவே சொன்னேன், சின்னதை வாங்காதேன்னு. கேட்டியா?”

எரித்தது அவர். அதைச் சொல்லாமல் மறைத்து என் ஆம்ப்பையும் பலி கொடுக்கப் பார்த்தது அவர். அது எரிந்ததே என் தேர்வு தப்பு என்பதற்கு அத்தாட்சியாம். கிடாரை உறையில் போட்டேன், ஆம்ப்பையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். “ஏய், ஷோ இருக்குது” என்று பின்னால் குரல் வந்தது. நான் நிற்கவில்லை.

அடுத்த நாள் ஸ்பீக்கரைக் கழற்றிப் பெரியப்பா வீட்டுக்கே கொண்டுபோய் மேஜை மேல் வைத்தேன். உள்ளே கருகிப்போன காயில் கம்பிச் சுருளைக் காட்டினேன். “பொட்டிதானேம்மா, அதுக்குப் போயி அண்ணனை இப்படிப் பேசலாமா?” என்றார் பெரியம்மா. என் அம்மாவும் அதையேதான் சொன்னாள். ஒருத்தர்கூட அவனிடம் ஏன் கேட்காமல் எடுத்தாய் என்று கேட்கவில்லை. அவரை ‘அவன்’ என்று நான் மனசுக்குள் நினைக்க ஆரம்பித்தது அந்த மேஜைக்கு எதிரில் நின்றபோதுதான்.

குழுவை விட்டேன். அதே பெட்டியில் அதே மாதிரி புது ஸ்பீக்கரை மாட்டினேன். வேறு ஒரு ஓட்டலில் வாசிக்க வாய்ப்புக் கேட்டேன். அங்கிருந்த மேனேஜர், “பாட்டு இல்லாம, கிடார் மட்டுமா?” என்று தயங்கினார். வாசித்துக் காட்டினேன். பல வருடங்கள் அங்கே தனியாக வாசித்தேன். ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அண்ணன் அந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டே இருந்தார். தங்கச்சி ஒரு மோடா வாங்கினா, ஒரே பாட்டுல பொகைஞ்சுடுச்சு என்று. ஒருமுறை பந்தியில் எல்லார் எதிரிலும் சொன்னபோது நான் சாம்பாரை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினேன்.

“பெரிய மெஷினை அதுல மாட்டினது நீங்க. கேக்காம எடுத்தது நீங்க. எரிஞ்சதைச் சொல்லாம விட்டதும் நீங்கதான். பெட்டி சின்னதா இருந்ததால எரியலை.”

“இன்னும் அதையே புடிச்சிகினு கீறியா?” என்றார் அண்ணன்.

“ஆமா” என்றேன்.

அதற்குப் பிறகு என் எதிரில் அவர் அதைச் சொன்னதில்லை. நான் இல்லாத இடத்தில் சொல்கிறாராம்.