சோன்குல் ஏரிக்குக் குதிரையில் போனது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. ஊர்ப் பெயர்களும் மறந்து மறந்து போகின்றன. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மகள் எஸ்தர் துபாயில் நர்ஸ். அவளோடு குதிரைச் சவாரிக்குப் போக இருந்த தோழி வர முடியாமல் போனதால் என்னைக் கூப்பிட்டாள். எப்படிச் சரி என்றேனோ, தெரியவில்லை.

காலை ஏழு மணிக்கு ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய். தண்ணீர் நின்ற வயல்களில் வானம் படுத்திருந்தது. கும்மிடிப்பூண்டியில் நைட் ஷிப்ட் முடிந்தவர்கள் ஏறி, நின்றபடியே தூங்கினார்கள். சென்னையிலிருந்து துபாய், அங்கிருந்து எஸ்தரோடு பிஷ்கெக். கிர்கிஸ்தான் நாட்டின் தலைநகரம் அது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வேன், எங்களோடு இன்னும் ஏழெட்டுப் பேர். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வழியில் டீ அந்த நாட்டுக் காசில் முப்பது சோம், பால் கிடையாது. டிரைவர் என் வயதைக் கேட்டார். அறுபத்தாறு என்று எஸ்தர் சொன்னதும் ஸ்டியரிங்கை விட்டுக் கைதட்டினார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டேன்.

மதியம் இரண்டு மணிக்குக் கிஸார்ட் கிராமம். எங்கே பார்த்தாலும் புல். கயிறு இல்லாத குதிரைகள் யாரோ கனவு கண்டு மறந்துவிட்டுப் போனதுபோல் நின்றன. வழிகாட்டியின் பெயர் ஐகுல், நாற்பது வயதுப் பெண். அவள் சொன்னதை எஸ்தர் தமிழில் சொன்னாள். இன்றைக்கு எல்லாரும் ஒரு சுற்று வர வேண்டும். சரியாக உட்காருகிறவர்கள்தான் நாளை மலைக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கு. மற்றவர்கள் இங்கேயே கம்பளிக் கூடாரத்தில்.

எனக்கு ஒரு செம்மண் நிறக் குதிரை. முக்காலியில் ஏறி, இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். அது இரண்டு அடி வைத்ததும் சரிந்தேன். ஐகுல் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, இது இன்னா நைனாவோட டிவிஎஸ்ஸா? ரெண்டு பக்கமும் கால் போட்டுக் குந்தும்மா!" என்று எஸ்தர் கத்தினாள்.

"போடி, இத்தினி ஆம்பளைங்க நிக்கறாங்க."

"அவங்க குதிரையப் பாக்குறாங்க. உன்ன யாரு பாக்குறா?"

முப்பது வருஷம் வீட்டுக்காரர் வண்டியில் அவர் பின்னால் கம்பெனி கேட் வரை அப்படியே உட்கார்ந்து போனவள் நான். சேலைக்குள் எஸ்தரின் பேண்ட் போட்டிருந்தேன். அது தெரியக் கூடாது என்றுதான் மேலே சேலை.

ஐகுல் தலையை ஆட்டினாள். "இப்டி குந்தினா ஏத்தத்துல உயுந்துடுவியாம். இட்டுக்கினு போக முடியாதாம்மா" என்றாள் எஸ்தர்.

"நீ போய்ட்டு வா. நான் இங்கியே குந்திக்கினு கீறேன்."

சொல்லிவிட்டு மலையைப் பார்த்தேன். இடுக்கில் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து எல்லாரிடமும் "போய்ட்டு வா" என்றே சொல்லியிருக்கிறேன். அழுகை வந்துவிட்டது.

ஐகுல் உள்ளே போய், முன்பக்கம் திறந்த கனத்த கம்பளிப் பாவாடை ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"அவங்கம்மா கட்டினதாம். குதிரை மேல குந்தினா ரெண்டு பக்கமும் காலை மூடிக்குமாம்."

கூடாரத்துக்குள் போய்ச் சேலையை அவிழ்த்து மடித்து எஸ்தரிடம் கொடுத்தேன். பாவாடையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன். குதிரையின் சூடு இரண்டு தொடையிலும் ஏறியது. ஐகுல் கயிற்றைப் பிடித்து நடக்க, ஒரு சுற்று வந்தோம். பாதியிலேயே ஐகுல் கயிற்றை விட்டிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். புல்லைக் குளம்பு மிதிக்கும் சத்தம், குதிரைகளின் மூச்சு. உச்சியில் மேகத்துக்குள் நுழைந்து வெளியே வந்தபோது கீழே ஏரி. நம் பழவேற்காடு போலவே பரந்து கிடந்தது. மீன்வாடை மட்டும் இல்லை. தண்ணீர் எங்கே முடிந்து வானம் எங்கே ஆரம்பித்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஏரி மூவாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கிறேன். ஏறியது ஐந்து மணி நேரமா ஆறா, நினைவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துக் கொடுங்கள். எஸ்தரைக் கேட்க வேண்டாம். அவள் குதிரை ரொம்பப் பின்னால் வந்துகொண்டிருந்தது.