றீற்றாவின் கலியாணப் படமும் ஒன்றரை ஸ்டொப்பும்

வெள்ளை மணல், வெள்ளைச் சுவர், உச்சி வெயில்... தலைமன்னார் மாதா கோயில் முற்றத்தில் நின்றால் கண் கூசித் தண்ணீர் வரும். கமராவின் பின்பக்கத் திரையில் ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளையின் கோட்டைக் கழற்றி வாங்கித் தலையில் போட்டுக்கொண்டுதான் எடுத்த படத்தைப் பார்ப்பேன்.

மன்னார் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. டிஜிட்டல் கமராவும் எங்களுக்குப் புதிது. முதலாளி சொல்லித் தந்த பாடம் ஒன்றே ஒன்று.

“சாறியின்ர மடிப்புத் தெரியுதோ எண்டு பார். தெரிஞ்சால் படம் சரி.”

சாறி மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுப்பது. கரை வேலைப்பாடு தெரியாவிட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதனால் நாங்கள் சாறியைத்தான் படம் எடுத்தோம். அதற்குள் ஒரு பெண் நிற்கிறாள் என்பது எங்களுக்கு நினைவே வருவதில்லை.

ஒரு நாள் அங்கே வந்த மணப்பெண் றீற்றா. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து ஊர் திரும்பியவள். கோயில் வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

“நல்லா எடுங்க அண்ணா. முகாம் கார்டுக்கு எடுத்தத விட்டா எனக்குன்னு ஒரு படமும் இல்ல.”

எடுத்தேன். மடிப்பு ஒவ்வொன்றும் எண்ணலாம் போல வந்திருந்தது. எனக்கு ஒரே பெருமை.

அடுத்த கிழமைதான் கமராவோடு வந்த புத்தகத்தை ஒழுங்காகப் படித்தேன். கமராவுக்குள் வெளிச்சம் அளக்கும் மீற்றருக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. பார்ப்பது எல்லாமே சாம்பல் நிறம் என்றுதான் அது கணக்குப் போடும். மணல், சுவர், சாறி, பெண்ணின் தலையில் போடும் நெற் என்று எல்லாம் வெள்ளையாக இருந்தால், “ஐயோ, வெளிச்சம் கூடிப்போச்சு” என்று பயந்து குறைத்துவிடும். நாங்கள்தான் எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தை, ஒன்றரை ஸ்டொப் அளவு கூட்டிக் கொடுக்க வேண்டும். நான் கூட்டவில்லை. றீற்றாவின் முகம் இருட்டுக்குள் போய்விட்டது.

முதலாளியிடம் ஓடினேன். கொம்பியூட்டரில் கூட்டலாம் என்றேன்.

“முகத்தைக் கூட்டினால் சாறி வெளிறிப்போகும். விடு!”

அல்பம் வாங்க மாமியாரும் றீற்றாவும் வந்தார்கள். மாமியார் நாலு பக்கம் புரட்டினார்.

“சாறி நல்லா விழுந்திருக்கு. பொம்பிளைதான் கரிச்சட்டி மாதிரி...”

முதலாளி வெட்கமே இல்லாமல் சிரித்தார். “கமரா பொய் சொல்லாது அம்மா. உள்ள நிறம்தானே வரும்.”

பொய் சொல்லாதாம்! பிழை விட்டது நாங்கள். பழி அந்தப் பிள்ளையின் தோலுக்கு. றீற்றா அல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். நான்? வேலை போய்விடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அந்த மனிதர் மேல் வந்த கோபத்தில் பாதி இன்றைக்கும் என் மேல்தான் இருக்கிறது.

போன மாதம் மன்னார் பஸ் ஸ்டாண்டில் றீற்றாவைக் கண்டேன். மகள் என் தோளளவுக்கு வளர்ந்துவிட்டாள். நான்தான் கலியாணப் படம் எடுத்தவன் என்றதும் அந்தப் பிள்ளை கேட்டது...

“அப்பிடியோ? அம்மா அந்த அல்பத்தை அலுமாரியில வைச்சுப் பூட்டியிருக்கிறா மாமா. எனக்குக் கூடக் காட்டமாட்டா.”

றீற்றா சும்மா சிரித்தாள். அவளுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு வந்து, வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் அந்தக் கலியாணப் படங்கள் இருந்த பழைய சீடியைத் தேடி எடுத்தேன்.

இப்போது போனே முகத்தைத் தேடிப் பிடித்து வெளிச்சத்தைச் சரி செய்கிறது. நல்லதுதான். ஆனால் அதோடு நிற்கிறதா? கேட்காமலே சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக்கியும் விடுகிறது! அன்றைக்குக் கறுப்பாக்கினோம், இன்றைக்கு வெளுக்கிறோம். உள்ள முகத்தை உள்ளபடி எடுத்தால் யாருக்கு என்ன நட்டம்?

சீடியில் இருந்த படத்தில் வேறு எதையும் தொடவில்லை. ஒன்றரை ஸ்டொப் மட்டும் கூட்டினேன். சாறி வெளிறியது... வெளிறட்டும். மாநிறத்தில், கன்னத்து மச்சத்தோடு, பல் தெரியச் சிரித்தபடி றீற்றா வந்தாள். ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, நடந்த பிழையை ஒளிக்காமல் எழுதினேன்.

அவளிடமிருந்து ஒரு வரி வந்தது.

“அப்ப அண்டைக்கு நான் வடிவாத்தான் இருந்திருக்கிறன், என்ன அண்ணா?”