இரண்டு முறை அழைத்த கல்யாணம்

மேசைக் கம்ப்யூட்டருக்கும் கையில் பிடிக்கும் கருவிக்கும் ஒரே இயங்குதளம் போதாதா என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் இடுப்பு வலிக்கும். கருத்து அதற்குப் பிறகுதான் வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பாறசாலையில் வீடு, நெய்யாற்றின்கரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். மூன்று கம்ப்யூட்டர்கள், அவற்றில் இரண்டு ஓடும். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த மனைவியின் தம்பி ஒரு கையடக்கக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து தந்தான். மூக்குக்கண்ணாடிக் கூட்டைவிடக் கொஞ்சம் பெரிது. திறந்தால் உள்ளே என் மேசைக் கம்ப்யூட்டரின் அதே முகம். அதே மெனு, சேவ் செய்ய அதே ஃப்ளாப்பி படம். எல்லாம் ஒன்றுதான், இது சின்னது, அவ்வளவுதான் என்றான். நான் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? ஒரு வாரம் வகுப்பில் அதையே பாடமாக நடத்தினேன். பெரியதும் சிறியதும் இனி ஒன்று, இரண்டையும் தனித்தனியாகப் படிக்கிறவன் முட்டாள் என்று சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அக்காவின் கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஆகவே வீடு வீடாகப் போய் அழைக்கிற வேலை என் தலையில். எங்கள் பக்கத்தில் கோவில் என்றால் சர்ச்; அங்கே மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் என்று அதிலேயே சபைக்கெல்லாம் தெரிந்துவிடும். ஆனால் தெரிவது வேறு, விளிப்பது, அதாவது அழைப்பது, வேறு. வீட்டு ஆள் நேரில் போய், உட்கார்ந்து, சாயா குடித்து, அட்டையைக் கையில் தர வேண்டும். விளிக்கவில்லை என்றால் அந்த வீடு வராது. ஆண் இல்லாத வீடு, அழைக்கக்கூட ஆள் இல்லை என்ற பேச்சு அக்காவின் மேல்தான் வந்து விழும். அக்காவுக்கு வேறெதையும்விட அந்தப் பேச்சுக்குத்தான் பயம்.

தொண்ணூற்றிரண்டு வீடுகள். பாறசாலை, அதியன்னூர், தெற்கே பூவார், கிழக்கே ஒற்றசேகரமங்கலம் வரை. கவரில் முன்கூட்டியே பேர் எழுதிக்கொண்டு போ, மிச்சமிருக்கும் கவரைப் பார்த்தால் போகாத வீடு எது என்று தெரியும் என்றாள் அக்கா. நான் சிரித்தேன். பட்டியலைப் பெரியதில் அடித்து, சிறியதில் ஏற்றி, தொண்ணூற்றிரண்டு அட்டைகளையும் எண்ணி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் பார்க்க, கருவியோடு வந்த குச்சியால் பேருக்கு நேரே ஒரு டிக். ஒரு பெரியவர் கையை நீட்டி, அப்படியே பிரஷரும் பார்த்துவிடச் சொன்னார்.

ஆறாம் நாள் சாயங்காலம் கருவியின் பேட்டரி இரண்டும் தீர்ந்தன. பேட்டரி தீர்ந்தாலும் காப்பாற்ற உள்ளே ஒரு பொத்தான் செல் உண்டாம். அது எப்போதோ செத்திருந்தது. புதுப் பேட்டரி போட்டதும் கருவி திறந்தது. பிறந்த குழந்தை மாதிரி என்னைப் பார்த்து, உன் பேர் என்ன, எந்த ஊர் நேரம் வைக்கட்டும் என்று கேட்டது.

எங்கள் ஊரில் கரண்ட் ஒரு நாளைக்குப் பத்து முறை போகும். பெரியதில் சேவ் செய்தது போகாது. அந்தத் தைரியத்தில்தான் சிறியதிலும் ஃப்ளாப்பி படத்தை அழுத்திவிட்டு நிம்மதியாக இருந்தேன். முகம் ஒன்று, ஆனால் சிறியதற்குப் பேட்டரி போனால் ஞாபகமும் போகும். பெரியதில் பேர்கள் பத்திரமாக இருந்தன. ஆனால் டிக் கிடையாது. அது மேசையைவிட்டு இறங்கவே இல்லையே. இன்றும் என் கட்சி இதுதான்: இரண்டையும் ஒன்றாக்குவதானால் குறித்து வைத்ததை ஒன்றாக்குங்கள். முகத்தை மட்டும் ஒன்றாக்கி ஆளை நம்பவைக்காதீர்கள்.

மிச்சம் பதினான்கு அட்டைகள். போகவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த வீடுகள் பதினொன்று. மீதி எண்பத்தொன்றில் எந்த மூன்று? எந்த வீட்டில் பழம்பொரி, எந்த வீட்டில் மிக்சர் என்று யோசித்துப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் மிக்சர்தான். எனக்கு நெஞ்சு வலிப்பதாக மனைவியிடம் சொன்னேன். அவள் ஓமத்தண்ணீர் தந்து, "நெஞ்சுவலி ஒண்ணும் இல்ல. வீம்பு பேசினா வாற வாயுவாக்கும்" என்றாள்.

அக்காவிடம் சொல்லவில்லை. முதலில் அந்தப் பதினொன்றையும் அழைத்து முடித்தேன். சந்தேகமான வீடுகளுக்குச் சும்மா போவது, டி.வி. மேலேயோ ஜன்னல் கம்பியிலோ அட்டை இருக்கிறதா என்று பார்ப்பது, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவது என்று திட்டம். முதல் வீட்டிலேயே அட்டையைக் காணவில்லை. வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பதறிப்போய், இன்னொரு தடவை விளித்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். மனிதர் உருகிவிட்டார். "ரெண்டாமதும் விளிக்க வந்திருக்கான் பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தார். பெட்டியிலிருந்து அட்டையையும் எடுத்துக் காட்டினார். வழி கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு மட்டும் ஒன்பது வீடுகளுக்கு இரண்டாம் அழைப்பு நடத்தினேன். போகாத வீடு ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் அக்கா வந்து வாசலில் நின்றாள்.

"எலே, அவங்களுக்கெல்லாம் ரெண்டு விளி, எங்களுக்கு ஒண்ணா, நாங்க என்ன குறைஞ்சவங்களாண்ணு நாலு வீட்டில கேக்குதாங்க. நீ என்னலே செய்து வச்சிருக்கே?"

சொன்னேன். அக்கா அந்தக் கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ பிள்ளேளுக்குப் படிப்பிச்சுக் குடுக்கியது இதையாக்கும்?"

அதற்கு மேல் திட்டவில்லை. மீதி எல்லா வீட்டுக்கும் இன்னொரு தடவை போக வேண்டும், தானும் வருகிறேன் என்றாள். கணவர் போனபின் அவள் கோவில் தவிர எங்கும் போனதில்லை. கோடு போட்ட நோட்டோடு ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மறுபடியும் சாயா, மறுபடியும் மிக்சர். ஸ்கூட்டர் குழியில் விழும்போதெல்லாம் இடுப்பு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது.

விட்டுப்போன மூன்று வீடுகளில் ஒன்று பூவாரில் அகப்பட்டது, ஒன்று பாறசாலையில் என் வீட்டுக்கு நான்காவது வீடு. கடைசி வீடு ஒற்றசேகரமங்கலத்தில், அக்கா கணவரின் பெரியப்பா மகன் வீடு. அந்த வீட்டு அம்மாள் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"ஓலை வாசிச்சதைக் கேட்டோம். ஆரும் வரல்ல. அவரு போனதோட நாங்களும் வேண்டாதவங்க ஆயாச்சுண்ணு நினைச்சோம்."

கருவி, பேட்டரி என்று வாயைத் திறந்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மற்ற வீட்டுக்கெல்லாம் இவனை விட்டேன். அவருக்க சொந்தத்துக்கு நான்தானே வரணும். அதாக்கும் தாமசம்."

அந்த அம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் மிக்சர் தின்றேன்.

திரும்பும் வழியில், எல்லாம் முடிந்தது என்ற நினைப்பில் நான் ஒரு பாட்டை முணுமுணுக்கக்கூட ஆரம்பித்திருந்தேன். அக்கா பின்னாலிருந்து நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"எலே மக்கா, இந்த மூணு வீட்டுக்கும் ஒரு விளிதான் ஆச்சு. நாளைக்கு இன்னொண்ணு வரணும்."