நவம்பர் மாதத் தோட்டா

வோய்கோவின் பலகையில் பன்னிரண்டு குழிகள். அடியில் தயாரித்த மாதம் ரோமன் எண்ணில் பொறித்த, 1916-ஆம் வருடத்து ஆஸ்திரிய ராணுவத் துப்பாக்கித் தோட்டாக்கள், மாதத்துக்கு ஒன்று, பதினொன்று நிற்கின்றன. நவம்பருக்கான பதினோராம் குழி மட்டும் பத்தொன்பது வருடமாகக் காலியாக அவன் முகத்தைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

குளிர்காலத்தில் ட்ரெஷ்னிட்சா ஊர்ச்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவான். பனி உருகியதும் மலைமேல் பழைய பதுங்குகுழிகளில் கிளறுவான். நூறு வருடத்துக்கு முந்தைய போர் அங்கே கொட்டிவிட்டுப் போனது ஏராளம். வெடிமருந்து எடுத்த தோட்டா இல்லாத வீடு அந்த ஊரில் இல்லை. ஆனால் நவம்பர் மட்டும் எவன் வீட்டிலும் இல்லை. அவனுக்கு எரிச்சலாக வந்தது. ஒரு ராணுவமே அந்த மாதம் லீவு போட்டுவிட்டதா என்ன?

பாலாடைக்கட்டிக் கூடத்தில் வேலை பார்க்கும் லுத்விக் சனிக்கிழமை காலை கூப்பிட்டான்.

"நவம்பர் ஒண்ணு இருக்குடா. ஆனா அந்த இத்தாலிக் கிளிப் வேணும்."

தோட்டாக்களைக் கோத்து வைக்கும் தகட்டில் ஆறு தோட்டாவும் கழலாமல், சுற்றிய காகிதம்கூடக் கிழியாமல் இருந்த கிளிப் அது. பள்ளத்தாக்கிலேயே அப்படி ஒன்று அவனிடம்தான். கொடுக்க மனசே இல்லை. இருந்தாலும் எடுத்துக்கொண்டு போனான்.

லுத்விக் கொடுத்த தோட்டாவின் அடியை லென்ஸில் பார்த்தான். XI. சந்தேகமே இல்லை. இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

"எழுத்தோட தலை விளிம்பைப் பாக்கணும். அப்படி வச்சுப் படிக்கணும். தலைகீழாப் பிடிச்சா ஒன்பது பதினொண்ணாயிடும், பதினொண்ணு ஒன்பதாயிடும். அரைகுறைங்க இதுலதான் கோட்டை விடுவானுங்க."

"அப்படியா? எனக்கு இதெல்லாம் யாருப்பா சொல்லிக் கொடுத்தா?" என்றான் லுத்விக், கிளிப்பைத் துணியில் சுற்றியபடி.

வீட்டில் மனைவி நெவென்கா அடுப்பில், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுடும் ஃப்ரிகாவைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வோய்கோ மேசையில் உட்கார்ந்து, தோட்டாவின் மேல் லுத்விக் ஒட்டியிருந்த சீட்டைச் சுடுதண்ணீரில் நனைத்து உரித்தான். தன் சீட்டை ஒட்ட வேண்டுமே. உரித்த சீட்டுக்கு அடியில் சிவப்பாக ஒரு புள்ளி.

அவன் கை நின்றுவிட்டது. எட்டிப் பார்த்த நெவென்கா சிரித்தேவிட்டாள்.

"இது என் நகப்பூச்சுல்ல? கல்யாணமான புதுசுல உங்க உபரித் தோட்டாவுக்கெல்லாம் பொட்டு வச்சு, பாட்டிலையே காலி பண்ணீங்களே."

எல்லாம் ஞாபகம் வந்தது. அப்போது அவனும் அரைகுறைதான். வருட எண்ணில் மண் அடைத்திருந்தது. தலை எது கால் எது என்று தெரியாமல், இதை இரண்டாவது செப்டம்பர் என்று எடுத்து வைத்தான். செப்டம்பர்தான் இருக்கிறதே, எதற்கு இன்னொன்று என்று ஒரு புட்டி பேரிக்காய்ச் சாராயத்துக்கு மாற்றிவிட்டான். யாரிடம் மாற்றினான் என்பதும் ஞாபகம் வந்ததுதான் கொடுமை.

போனை எடுத்தான்.

"லுத்விக், இது என்னோடதுடா."

"ஆமா."

"தெரிஞ்சேதான் வச்சிருந்தியா?"

"மண்ணைக் கழுவின அன்னைக்கே தெரியும். நீ ஊரெல்லாம் நவம்பர், நவம்பர்னு கேட்டுக்கிட்டுத் திரிஞ்ச. பெரிய வாத்தியார் ஆச்சே, நான் போய் உனக்குத் தப்பு சொல்றதா? சாராயம் நல்லாத்தானே இருந்துச்சு?"

வோய்கோ போனை வைத்தான். ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. லுத்விக்கைத் திட்டினால் தன் லட்சணம் நாளைக்கே பாலாடைக்கட்டிக் கூடம் முழுக்கத் தெரிந்துவிடும்.

"சாப்பிட வாங்க, ஆறுது," என்றாள் நெவென்கா.

அவன் எழுந்து போய் தோட்டாவைப் பதினோராம் குழியில் நட்டான். சரியாகப் பொருந்தியது. அதற்கு மேல் தட்டில், இத்தாலிக் கிளிப் இருந்த இடத்தில், தூசி படியாத ஒரு கட்டம் மட்டும் இருந்தது.