ஏழாவது பத்தியில் இருந்த கிளை

எங்கள் தோட்டத்துக் கெம்பாஸ் மரத்தைக் கொல்ல ஒரே ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது. செத்த பிறகு அதைச் சாய்க்கத்தான் கடிதங்கள் போதவில்லை.

மலாயாவில், காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம். இன்று பாயா ரும்புட் பக்கம் வீடு வீடாகக் கிடக்கும் நிலத்தில் அன்று ரப்பர் நின்றது. அங்கே ஆபீஸ் கணக்கெழுதும் சின்னக் கிராணி நான். மலாக்கா டவுனில் பாதிரிமார் பள்ளியில் படித்துத் தேறியவன். எந்தக் காரியத்துக்கு எந்தப் பாரம், எத்தனை நகல், யார் கையெழுத்து என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சிதறிக் கிடந்த லயத்து வீடுகளைப் பிரித்து, எல்லாக் குடும்பங்களையும் ஒரே முள்வேலிக்குள் கொண்டுவந்து நெருக்கியிருந்தார்கள். வேலிக்குள் மிச்சமிருந்த காலியிடம் அந்த மரத்தடி மட்டும். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையை அங்கேதான் கட்டினார்கள். பிள்ளைகளுக்கு நிழலாக இருக்கும் என்று வரைபடம் போட்டவர் சொன்னார்.

நிழல் சில மாதம் இருந்தது. பிறகு காவல் கோபுரத்துக்கு வந்த ஒரு சார்ஜனுக்கு இலைகள் பார்வையை மறைத்தன. அவர் ஒரு கடிதம் எழுதினார். மரத்தைச் சுற்றிப் பட்டையை அரிந்து மருந்து பூசினார்கள். இலை உதிர்ந்தது, பார்வை தெளிந்தது, அவருடைய கோப்பு மூடப்பட்டது. மரத்தை யார் வெட்டுவது என்று கேட்டேன். "எனக்கு இலைதான் தொல்லை, மரமில்லை" என்றார். அரசாங்கத்தில் இத்தனை சுத்தமாக முடிந்த காரியத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டு மழைக்காலம் போயிற்று. மரங்கொத்திகள் வந்தன, வண்டுகள் வந்தன. பெரிய கிளை ஒன்று முறிந்த இடத்தில் பொந்து விழுந்து, அதில் ஓர் ஆந்தை குடியேறியது. பொந்துக்கு மேலே இன்னும் இரண்டு கிளைகள் கொட்டகையின் தகரக் கூரைக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தன.

கொட்டகையைப் பார்த்துக்கொண்ட ஆயா, பால்வெட்டில் கால் முறிந்து, ஓட முடியாமல் போனதால் அந்த வேலைக்கு வந்தவர். கூரையில் விழுந்த ஒவ்வொரு கிளைத் துண்டையும் எடுத்து வாசலில் வரிசையாக அடுக்கிவைத்திருந்தார். விரல் தடிமனில் தொடங்கிய வரிசை முழங்கைத் தடிமனுக்கு வந்திருந்தது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போனேன்.

கடைசியில், மரத்தை வெட்டக் கேட்டுத் துரைக்கு ஒரு மனு எழுதச் சொன்னார் தண்டல். வேலையாட்களை மேய்க்கும் மனிதர். தைரியசாலி என்று பெயர். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். ஒன்று: ஆந்தை அலறினால் சாவு. இரண்டு: அது அலறிய வாரம் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். மூன்று: கோவில் பூசாரியும் அதையே சொல்கிறார். இப்படியே ஆறு பத்தி ஆந்தை. ஏழாவதாக, எழுந்து போகும்போது, "கெளையும் விழுற மாதிரி இருக்குன்னு போடுங்க" என்றார். போட்டேன். இலக்கணத்தைத் திருத்தினேன். வரிசையைத் திருத்தவில்லை. மனுவைத் தட்டச்சு செய்பவன் அதன் வரிசையை மாற்றக்கூடாது என்பது முறை.

எங்கள் துரைக்குப் பறவைகள் என்றால் உயிர். தோட்டத்தில் பிறந்த குழந்தைகளின் கணக்கை நான் வைத்திருந்தேன். குருவிகளின் கணக்கை அவர் வைத்திருந்தார். முதல் பத்தியைப் படித்தார். அதற்குக் கீழே படித்ததற்கான அடையாளம் எதுவும் அவருடைய பதிலில் இல்லை. பதில் இதுதான்: அரிசி ஸ்டோரில் எலி குறைந்தது அந்த ஆந்தையால்தான். அது இருக்கும்வரை மரத்தை வெட்டக்கூடாது. மூடநம்பிக்கையை ஊக்குவிக்க வேண்டாம். மறுநாள் விடியற்காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில், எல்லாரையும் நிற்கவைத்து, நான் அதை நல்ல தமிழில் உரக்க வாசித்தேன்.

ஆயா நேரே ஆபீசுக்கு வந்தார்.

"கிராணியாரே, நான் எப்பவாச்சும் ஆந்தைய பத்தி ஒங்ககிட்ட பேசினேனா?"

"தண்டல் சொன்னதை எழுதினேன், ஆயாம்மா."

"அவருக்கு ஆந்தைன்னா வேட்டி நனையும். எனக்குக் கெளதான் பயம். ஆந்தை கத்தி இதுவரைக்கும் எந்தப் புள்ளைக்கும் மண்டை ஒடையல."

"கிளையும் இருக்கிறதே. ஏழாவது பத்தியில்."

"ஏழாவதுல இருந்தா விழாதா?"

மனுவின் நகலை எடுத்து அந்தப் பத்தியைக் காட்டினேன். ஆயா அதைத் தள்ளிவைத்தார்.

"மரம் நிக்கட்டும். ஆந்தையும் இருக்கட்டும், நல்லா எலி திங்கட்டும். அந்த ரெண்டு கெளை மட்டும் போவணும். அதுக்கு எந்தத் துரை கையெழுத்து?"

விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டுவதுபோல் புரட்டினேன். புரட்ட வேண்டிய அவசியமே இல்லை. மரத்தை அடியோடு வெட்டத்தான் துரையின் அனுமதி. கிளை கழிப்பது பராமரிப்பு வேலை. தண்டல் வாயால் சொன்னாலே போதும். இது எனக்கு முதல் துண்டு விழுந்த நாளிலிருந்தே தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உண்மையில் எனக்கு அந்தக் கடிதப் போக்குவரத்து பிடித்திருந்தது. சார்ஜனையும் துரையையும் பற்றி இத்தனை நக்கலாக எழுதிவிட்டு இதை மறைப்பது சரியில்லை.

"யாருடைய கையெழுத்தும் வேண்டாம்" என்றேன்.

ஆயா என்னைப் பார்த்த பார்வையை நிரப்ப எந்தப் பாரத்திலும் கட்டம் இல்லை.

தண்டல் சம்மதித்தார், ஆனால் ஆந்தை இருக்கும் மரத்தின் கிட்டே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தோட்டத்தில் உயரம் ஏறத் தெரிந்தவர் கள் இறக்குபவர் ஒருவர்தான். அவர் வந்து கோடரியின் பின்புறத்தால் மரத்தை நாலு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"அடி கெட்டியாத்தான் இருக்கு. ஆனா செத்த மரத்துல நான் ஏறமாட்டேன்" என்றார். "நான் விழுந்தா நாளைக்குக் கள்ளுக்கடை இல்ல. பரவால்லையா?"

கூடியிருந்த ஆண்கள் அத்தனை பேரும் அவர் உயிரின் மீது உடனே அக்கறை கொண்டார்கள்.

பக்கத்துத் தென்னையில் ஏறி, அங்கிருந்து கல் கட்டிய கிணற்றுக் கயிற்றைக் கிளைமேல் வீசுவது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை, துரை டவுனுக்குப் போயிருந்தார். கொட்டகை காலி. முதல் கிளையைப் பத்துப் பேர் இழுத்தார்கள். நினைத்த இடத்தில், கால்வாய்ப் பக்கம் விழுந்தது. கைதட்டினோம். இரண்டாவது கிளை பார்வைக்கு உறுதியாக இருந்தது. இழுப்பதற்காகக் கயிற்றை இறுக்கினார்கள், அவ்வளவுதான். அது அடியோடு பிய்ந்து கொட்டகைக் கூரைமேல் இறங்கியது. தகரம் மடிந்தது. தொட்டில் கட்டும் உத்திரம் இரண்டாக முறிந்தது.

ஆந்தை வெளியே பறந்தது. காக்கைகள் அதைத் துரத்திக்கொண்டு போயின. ஆயா நொண்டி நொண்டி உள்ளே போய் முறிந்த உத்திரத்தின் கீழே நின்றார். வரிசையாகத் தொட்டில் தொங்கும் இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். முந்தின நாள் அங்கே எத்தனை பிள்ளைகள் கிடந்தன என்று எனக்கு எண்ணிக்கை தெரியும்.

அன்று இரவு துரையிடம் போய், பராமரிப்பு வேலையில் கூரை சேதம் என்றேன்.

"ஆந்தை?" என்றார்.

"இருட்டும் நேரத்தில் திரும்பி வந்துவிட்டது, சார்."

"நல்லது." தகரத்துக்குக் கையெழுத்துப் போட்டார். சில மாதம் கழித்துக் கம்பெனிப் பெரியவர் பார்வையிட வந்தபோது, கிளையில்லாமல் நின்ற அந்த அடிமரத்தைக் காட்டி, எலியை ஒழிக்கத் தாமே செய்த ஏற்பாடு என்று விளக்கினார். பெரியவர் பாராட்டிவிட்டுப் போனார்.

புதன்கிழமைக்குள் புது உத்திரம் போட்டாயிற்று. ஆனால் ஆயா தொட்டில் கட்டவில்லை. பிள்ளைகள் ஆபீஸ் தாழ்வாரத்தில் பாயில் கிடந்து அலறின. போய்க் கேட்டேன்.

"மொதல்ல நீங்க ஒக்காருங்க" என்றார், உத்திரத்தின் கீழே ஒரு பலகையைக் காட்டி.

"நானா?"

"எல்லாம் தெரிஞ்சவரு நீங்கதானே. இனிமே ஒண்ணும் விழாதுன்னு எழுதிக் குடுக்கிறீங்களா, ஒக்காருறீங்களா?"

எழுதிக் கொடுப்பதில் உள்ள ஆபத்து எனக்குத் தெரியும். உட்கார்ந்தேன்.

பெயர்ப்பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, காலைப் பெரட்டு முடிந்ததிலிருந்து உச்சிவரை அங்கேயே வேலை பார்த்தேன். பத்து மணி வாக்கில் காற்று எழுந்தது. தகரத்தில் ஏதோ டொக்கென்று விழுந்து உருண்டு வாசலில் நின்றது. பேனா கையிலிருந்து நழுவிவிட்டது. ஆயா குனிந்து எடுத்துப் பிரித்துப் பார்த்தார்: ஆந்தை கக்கிய உருண்டை, உள்ளே எலியின் சின்ன எலும்புகள். வாசலில் இருந்த வரிசையின் கடைசியில் அதை வைத்தார்.

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. அண்ணாந்து மரத்தை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார்.

"எந்திரிங்க, எடம் வேணும்" என்று சொல்லிவிட்டு, முதல் தொட்டில் சேலையை உத்திரத்தின் மேல் வீசினார்.