காலக்கோட்டின் நான்காவது குறி

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் காலக்கோடு என்றொரு கேள்வி உண்டு. ஒரு கோடு போட்டு, ஐந்து நிகழ்ச்சிகளைக் காலத்தோடு குறித்தால் ஐந்து மார்க். வேறெதுவும் மண்டையில் ஏறாத பிள்ளையைக்கூட அதை வைத்துத்தான் கரையேற்றுவோம். ஆண்டிமடம் தாண்டி முந்திரிக்காட்டுக்கு நடுவே இருந்த பள்ளியில் அப்போது நான் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன்.

ஜூனில் முதல் வகுப்பிலேயே, வரலாறு என்றால் என்ன என்று கேட்டேன். "அஞ்சு மார்க் டீச்சர்" என்றான் ஒருவன். "ராஜாங்க செத்ததெல்லாம்" என்றான் இன்னொருவன். மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "இனிமே மாத்த முடியாதது டீச்சர்" என்றாள். வாய் நிறையப் பாராட்டினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பொங்கல் லீவு முடிந்ததும், கை பழகட்டுமே என்று அவரவர் வாழ்க்கையையே காலக்கோடாக வரைந்து வரச் சொன்னேன். அந்தப் பெண்ணின் நோட்டில் முதல் மூன்று குறிகள் அவள் பிறந்தது, பள்ளியில் சேர்ந்தது, தம்பி பிறந்தது. நான்காவது, வருகிற மாசியில் கல்யாணம். ஐந்தாவது, பங்குனியில் பொதுத்தேர்வு. முதல் நான்கையும் பேனாவில் எழுதியிருந்தாள். தேர்வு மட்டும் பென்சிலில் இருந்தது.

பதினைந்து வயதுப் பிள்ளை. இன்டர்வெல்லில் தனியே கூப்பிட்டேன்.

"யாருக்குடி கல்யாணம்?"

"எனக்குத்தான் டீச்சர். மாமா பையன். மண்டபம் சொல்லியாச்சு."

"உனக்கு இஷ்டமா?"

"என்னைய யாரும் கேக்கல டீச்சர்."

"இன்னும் நடக்காததை ஏன் பேனாவுல எழுதுன?"

"அத மாத்த முடியாதுங்க. பரீட்சைக்குத்தான் வுடுவாங்களான்னு தெரியல."

குழந்தைகள் உதவி எண் பாடப்புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது. இரண்டு நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பேசியது நான்தான் என்று தெரிந்தால் மறுநாளே அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அரியலூரிலிருந்து தினம் பஸ்ஸில் தனியாக வந்து போகிறவள் நான், ஊரே வந்து வழிமறித்தால் என்ன செய்வேன்? தலைமையாசிரியரிடம் சொன்னேன். "நமக்கு எதுக்குங்க டீச்சர் வம்பு? பாஸ் பர்சன்டேஜப் பாருங்க" என்றார். பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலோடு வேப்பமரத்தடியில் போய் நின்று எண்ணை அழுத்தினேன்.

அதிகாரிகள் வந்து அவள் அப்பாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். மாசிக் கல்யாணம் நின்றது. அவள் பள்ளிக்கு வருவதும் நின்றது. அவளுடைய ஹால் டிக்கெட் என் மேசையில் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், நல்லது செய்கிறேன் என்று அவள் படிப்பையே கெடுத்துவிட்டேனோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

முதல் தேர்வன்று காலை ஹால் டிக்கெட்டோடு கேட்டிலேயே நின்றேன். எல்லாரும் உள்ளே போன பிறகு ஒரு பைக் வந்தது. அவள் இறங்கி, என் முகத்தைப் பார்க்காமல் ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஓடினாள். அவள் அப்பா வண்டியை அணைக்கவில்லை. "பரீட்சை எழுதட்டும் டீச்சர். அப்புறம் எவரு போன் போட்டாலும் நான் கேக்க மாட்டேன்" என்றார்.

கடைசித் தேர்வு சமூக அறிவியல். முடிந்ததும் அவளே என்னைத் தேடி வந்து அந்தப் பழைய நோட்டை நீட்டினாள். பொதுத்தேர்வைப் பேனாவில் அழுத்தி எழுதியிருந்தாள். நான்காவது குறியை அடித்திருந்தாள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கோட்டின் முனையைப் பார்த்தேன். 'வைகாசி, கல்யாணம்' என்று இருந்தது. அது பென்சிலில் இருந்தது.

"இத மாத்தலாம்ல டீச்சர்?"

கேட்டுக்கு வெளியே அவள் அப்பா ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"மாத்தலாம்" என்றேன்.

பைக் திரும்பி மறையும்வரை நின்றேன். பிறகு அதே வேப்பமரத்தடிக்குப் போனேன். உதவி எண்ணை மறுபடி அழுத்தினேன். மறுமுனையில் மணி அடித்தது.